மொரிஸ் மைனரில் ஸ்ரியரிங் ஆட்டம், இறுக்கம், சத்தம்: எதை முதலில் பார்ப்பது, எங்கே நிறுத்துவது

வன்னியில் இன்னும் ஓடுகிற பழைய கார்களில் என்னிடம் அதிகம் வருவது மொரிஸ் மைனர், அதற்கு அடுத்தபடி ஒஸ்ரின் ஏ40 சோமர்செட்டும் ஏ55 கேம்பிரிட்ஜும். கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவோடு வருகிறார்கள்: "அண்ணை, ஸ்ரியரிங் கொலம் போயிட்டுது, முழுசா மாத்த வேணும்." கொலம் என்றால் கையால் திருப்புகிற ஸ்ரியரிங் வளையத்திலிருந்து கீழே இறங்குகிற தண்டும் அதைச் சுற்றியிருக்கிற குழாயும். முழுதாக மாற்ற வேண்டி வருவது அபூர்வம். தளர்ந்த போல்ட், காய்ந்துபோன ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி), கிறீஸ் காணாத மூட்டு, இவற்றில் ஒன்றுதான் அனேகமாகக் கிடைக்கும். கொலம் தேடிக் கொழும்புவரை அலைவதற்கு முதல் உங்கள் காரின் அறிகுறியைக் கீழே பிடித்து, சொன்ன ஒழுங்கிலேயே பாருங்கள். செலவில்லாத காரணங்களை ஒவ்வொன்றிலும் முன்னால் வைத்திருக்கிறேன்.

தொடங்க முதல்

சமதரையில் நிறுத்தி, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்பக்கத்தைத் தூக்கினால் ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே போக வேண்டாம், பாலைக் குற்றி போல உறுதியான மரத்தைச் சட்டத்துக்குக் கீழே கொடுங்கள். ஓட்டையுள்ள சீமெந்துக் கல் பாரத்தில் திடீரென்று நொறுங்கும், அது கூடவே கூடாது. வளையத்தையோ ஹோர்ன் வயரையோ தொடுவதென்றால் பற்றரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

இந்தக் கார்களின் நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர், அதில் 13 ஸ்பானர் ஏறும், இறுக்கிப் பிடித்தால் வழுக்கி மூலையைத் தின்றுவிடும். அங்குல ஸ்பானர் இரவல் வாங்கியாவது வேலை செய்யுங்கள். அப்புறம் துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஒருவர் வளையத்தை அசைக்க மற்றவர் கீழே பார்த்தால்தான் ஆட்டம் எங்கே என்று தெரியும்.

அறிகுறி: வளையத்தைத் திருப்பினாலும் சில்லு உடனே திரும்பவில்லை

எஞ்சினை நிறுத்தி, சில்லுகளை நேராக வைத்து, வளையத்தின் விளிம்பில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். இரண்டு விரலால் மெல்லத் திருப்பி, முன் ரயர் அசையத் தொடங்கும் இடம்வரை விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று அளவுங்கள். மைனருக்கு றாக் அண்ட் பினியன் ஸ்ரியரிங் (தண்டின் அடியிலுள்ள பினியன் என்ற சின்னப் பற்சக்கரம் றாக் என்ற பற்கள் வெட்டிய கம்பியை இடம்வலமாகத் தள்ளும்), 1948இல் வந்த முதல் காரிலிருந்தே அப்படித்தான், அதனால் விளிம்பில் அரை அங்குலத்துக்கு மேல் சும்மா நகரக் கூடாது. ஒஸ்ரின்களுக்கு தண்டின் அடியில் எண்ணெய் விட்ட ஸ்ரியரிங் பெட்டி, அதில் இதைவிடக் கூட இருப்பது இயல்பு.

மைனர் என்றால்: துணைக்கு வந்தவரை உள்ளே இருத்தி, "தம்பி, முழுக்கத் திருப்பாதை, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே இரு" என்று சொல்லிவிட்டு பொனட்டைத் திறந்து பாருங்கள்.

முதலில் தண்டின் அடியில் பினியனைப் பிடிக்கிற கிளாம்ப். அதில் ஒரு குறுக்குப் போல்ட் இருக்கும். தண்டு திரும்பி பினியன் ஒரு கணம் பிந்தித் திரும்பினால் ஆட்டம் அங்கேதான். போல்டை இறுக்கிப் பாருங்கள். கிறவல் றோட்டில் ஓடுகிற கார்களில் இது தளர்வது மிகச் சாதாரணம், வந்தவர் தேநீர் குடித்து முடிக்க முதல் கார் சரியாகிவிடும். ஆனால் இறுக்கியபின்னும் அதே ஆட்டம் இருந்தால் போல்டை முழுதாக உருவி எடுத்து, தண்டிலும் பினியனிலும் உள்ள பற்களை ரோச் அடித்துப் பாருங்கள். பற்கள் கூர்மையாக மெலிந்திருந்தால் தேய்ந்துவிட்டன. சரி, அப்போது கார் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். வேறு பாகம் கிடைக்கும்வரை மங்குளத்துக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது உதிரிப்பாகம் எதுவும் உள்ளே வரவில்லை, மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலம், அன்றைக்கு மெக்கானிக்மார் கைக்குக் கிடைத்ததை வைத்து நோயாளிகளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர்களின் கைவேலை மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அப்போது தேய்ந்த பற்களைப் பினியனோடு சேர்த்து வெல்டிங் அடித்து ஒட்டிவிட்ட கார்கள் இன்னும் ஓடுகின்றன. ஒட்டின் சூடு பட்ட உருக்கு எப்போது வெடிக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது, வெடிப்பு வெளியே தெரியாமலே உள்ளே வளரும். கிளாம்ப் பக்கத்தில் ஒட்டுத் தழும்பு கண்டால் ஆட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பாகத்தை மாற்றுங்கள். இன்றைக்குப் பாகம் வருவிக்க வழி இருக்கிறது.

கிளாம்ப் நல்லதென்றால் அடுத்தது றாக் தானே அசைகிறதா என்று பாருங்கள். அது கார் உடம்போடு இரண்டு பக்கமும் பிடிகளால் இறுக்கப்பட்டிருக்கும். வளையத்தை ஆட்ட றாக் முழுவதும் இடம்வலமாக நகர்ந்தால் பிடிப் போல்டுகள் தளர்ந்திருக்கின்றன, அல்லது பின்னாலுள்ள தகடு கறள் தின்று மெலிந்திருக்கிறது. போல்ட் உங்கள் வேலை. தகடு என்றால் நல்ல ஒட்டுக்காரர் பழைய தகட்டை வெட்டியெடுத்து முழு அளவுத் தகடு வைத்து ஒட்ட வேண்டும். தகட்டை ஒட்டலாம், ஸ்ரியரிங் பாகத்தைத்தான் ஒட்டக் கூடாது.

பிறகு டை ரொட் எண்ட், அதாவது றாக்கிலிருந்து சில்லுக்குப் போகிற கம்பியின் முனையிலுள்ள உருண்டை மூட்டு. அதைக் கையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு வளையத்தை ஆட்டச் சொல்லுங்கள், உள்ளே உருண்டை தட்டுவது விரலில் தெரியும். தட்டினால் மாற்றுங்கள், திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. கழற்றும்போது திருகின் தலையில் சுத்தியலால் அடிக்க வேண்டாம். அது உட்கார்ந்திருக்கிற கண்ணின் இரண்டு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தால் தானாக விடும். கழற்ற முதல் திருகு எவ்வளவு வெளியே நிற்கிறது என்று எண்ணி வையுங்கள், புதிதைப் பூட்டும்போது அதே இடத்துக்கு வரும். இருந்தாலும் டோ-இன் (முன் சில்லுகள் முன்பக்கம் சற்று உள்நோக்கி நிற்கிற அளவு) பார்த்தே ஆக வேண்டும், மைனருக்கு அது ஒரு அங்குலத்தில் 32இல் 3 பங்கு, ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர்.

வெளி மூட்டு நல்லதாக இருந்தால் றாக்கின் முனையை மூடியிருக்கிற றப்பர் உறையை (பூட்) வெளியிலிருந்து நசித்து உள் மூட்டைப் பிடித்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் என்றாலோ, பினியன் றாக்கின் மேல் எழும்பி விழுகிறதென்றாலோ றாக்கைக் கழற்ற வேண்டும். அது மேசையில் வைத்துச் செய்கிற வேலை, ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை எடுத்தும் போட்டும் அளவு பிடிக்க வேண்டும், பழகியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பூட் கிழிந்திருந்தால் சைக்கிள் ரியூப் சுற்றிக் கட்டுவது இங்கே வழக்கம். வழியில் வீடு வந்து சேர அது உதவும். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிறவல் தூசும் மாரியில் மதகு தாண்டுகிற வெள்ளமும் அதற்குள் போனால் எண்ணெயோடு சேர்ந்து சாணைச் சேறாகி றாக்கின் பல்லைத் தின்னும். புதுப் பூட் போடுங்கள், பழைய எண்ணெயை வடித்து 90ஆம் நம்பர் கியர் எண்ணெய் விடுங்கள்.

ஒஸ்ரின் என்றால்: பெட்டி சட்டத்தில் பூட்டியிருக்கிற போல்டுகள், அடியில் தொங்குகிற கை, எதிர்ப்பக்கத்தில் அதோடு சேர்ந்து ஆடுகிற ஐட்லர் கை, எல்லா உருண்டை மூட்டுகளும் என்று பார்த்த பிறகுதான் பெட்டி. பெட்டியின் மூடியில் பூட்டு நட்டோடு ஒரு திருகு இருக்கும். அநேகம் பேர் முதல் கை வைப்பது அதில்தான், அது பிழை. சில்லு நேராக இருக்கும்போது மட்டும், கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, வளையத்தை இரு பக்கமும் முழுதாகச் சுற்றிப் பாருங்கள். எந்த இடத்திலாவது பிடித்தால் உடனே பின்வாங்குங்கள். நடு இடம்தான் அதிகம் தேய்ந்திருக்கும், ஓரத்தில் தேய்மானம் குறைவு, அதனால் நடுவில் ஆட்டமும் ஓரத்தில் இறுக்கமும் சேர்ந்தே இருந்தால் பெட்டியைத் திறந்து பாகம் மாற்றுவதுதான் வழி.

அறிகுறி: வளையம் மேலும் கீழும் ஆடுகிறது, கிறவலில் கடகடக்கிறது

இது முதல் சொன்னதிலிருந்து வேறு. திருப்பாமல் வளையத்தை மேலே, கீழே, இடம், வலம் அசைத்துப் பாருங்கள், பிறகு உங்கள் பக்கம் இழுத்துத் தள்ளிப் பாருங்கள்.

வளையத்தோடு குழாயும் சேர்ந்து ஆடினால் டாஷ்போர்ட்டுக்குக் கீழே குழாயைப் பிடிக்கிற பிடி தளர்ந்திருக்கிறது. இரண்டு போல்ட், ஐந்து நிமிட வேலை. முன்பின்னாகத் தண்டு நகர்ந்தால் அடிக் கிளாம்ப் பிடிக்கவில்லை, மேலே சொன்ன பரிசோதனைக்குத் திரும்பிப் போங்கள், ஓட்ட வேண்டாம்.

குழாய் அசையாமல் தண்டு மட்டும் அதற்குள் ஆடினால் மேல் முனையிலுள்ள ஃபெல்ட் புஷ் போய்விட்டது. மைனரில் மேலே தண்டைத் தாங்குவது அந்த ஃபெல்ட் மட்டுமே. எண்ணெய் வற்றி, தூசு ஏறி, துகளாக மடியில் உதிரும், சீற்றில் கறுப்புப் பொடி விழுவதைக் கண்டிருப்பீர்கள். இதை வீட்டிலேயே செய்யலாம், ஆறுதலாகச் செய்யுங்கள்.

சில்லுகளை நேரே வைத்து, பற்றரியைக் கழற்றி, நடுவிலுள்ள ஹோர்ன் பொத்தானை எடுத்துவிட்டு உள்ளே இருக்கிற பெரிய நட்டைத் தளர்த்துங்கள். முழுதாக எடுக்காதீர்கள், சில சுற்று மாட்டியபடியே இருக்கட்டும். வளையம் விடும்போது சட்டென்று விடும், நட் இல்லாவிட்டால் அது நேரே முகத்துக்குத்தான் வரும். வளையத்தின் பின்னால் இரண்டு பக்கமும் கையை வைத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று மாறிமாறி இழுங்கள். விடாவிட்டால் கறள் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிட்டு அடுத்த நாள் பாருங்கள். அப்போதும் விடாவிட்டால் வளையத்தை இழுத்துக் கழற்றுகிற புல்லர் வேண்டும், கராஜில் இருக்கும். தண்டின் தலையில் சுத்தியல் போட்டால் அடியில் பினியன்வரை அந்த அடி போகும்.

வளையமும் தண்டும் சேருகிற இடத்தில் நேர்கோடாகப் புள்ளி குத்தி வையுங்கள். வளையத்தை எடுத்தபின் பழைய ஃபெல்ட்டைச் சுரண்டி எடுத்து, குழாயின் உள்வாயை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். தண்டில் பளபளப்பான பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் சிக்காவிட்டால் நல்லது. புது ஃபெல்ட்டைச் சுத்தமான எஞ்சின் எண்ணெயில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, தண்டைச் சுற்றி உள்ளே தள்ளுங்கள். கிறீஸ் பூச வேண்டாம், கிறவல் தூசு அதில் ஒட்டிக்கொள்ளும்.

சரியான புஷ் கிடைக்கவில்லையா? தடித்த கம்பளி ஃபெல்ட்டைப் பட்டியாக வெட்டி, இரண்டு முனையையும் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுற்றினால் நன்றாகவே உழைக்கும். தண்டு விரலால் திரும்ப வேண்டும், அதுதான் அளவு. கடைச்சல் பட்டறையில் நைலோன் புஷ் கடைந்து போடுகிறவர்களும் உண்டு, தண்டை அளந்து கொஞ்சம் இடைவெளி விட்டுக் கடைந்தால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ரியூப் றப்பர் சுற்றுவதற்குத்தான் ஆட்சேபம் உண்டு. அது தண்டைக் கவ்வும், வளைவு முடிந்தபின் வளையம் தானாக நேருக்கு வராது.

நகம் சிக்குகிற பள்ளம் இருந்தால் தண்டைக் கழற்றிக் கடைச்சல்காரரிடம் காட்டுங்கள். பள்ளத்தின்மேல் ஒட்டு நிரப்பிக் கடைவதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

சோமர்செட்டில் கியர்த் தடியும் கொலத்தோடுதான் இறங்குகிறது. அதன் சின்னப் புஷ்கள் தேய்ந்தாலும் இதே கடகடப்பு வரும். ஓடும்போது கியர்த் தடியைக் கையால் பிடித்துப் பாருங்கள், சத்தம் நின்றால் ஸ்ரியரிங்கில் பிழை இல்லை.

அறிகுறி: ஸ்ரியரிங் இறுக்கம், வளைவுக்குப் பிறகு தானாக நேருக்கு வரவில்லை

முன் ரயர் காற்றைப் பாருங்கள். மைனரின் பழைய வகை ரயருக்கு 22 பிஎஸ்ஐ. குறைந்த காற்றோடு கொலத்தைக் கழற்றியவர்களைக் கண்டிருக்கிறேன்.

காற்று சரியென்றால் முன்பக்கத்தைத் தூக்கிக் குற்றி வைத்து வளையத்தைத் திருப்புங்கள். தூக்கியதும் இலேசாகிவிட்டால் காற்றும் டோ-இன்னும்தான் காரணம். தூக்கியும் இறுக்கம் என்றால் இரண்டு டை ரொட் எண்டையும் விடுவித்து, சில்லைத் தனியாகவும் வளையத்தைத் தனியாகவும் திருப்பிப் பாருங்கள்.

சில்லு இறுக்கம் என்றால் ட்றனியன். மைனரின் முன் காலில் மேலும் கீழும் மரை வெட்டிய மூட்டுகள் இருக்கின்றன, அந்த மரையில்தான் முன் சில்லு திரும்புகிறது. அதற்குக் கிறீஸ்தான் உயிர். சில்லைத் தரையில் விட்டபடி கிறீஸ் அடித்தால் பாரம் தாங்குகிற பக்கத்துக்குப் போகாது, தூக்கி வைத்து, திருப்பித் திருப்பி, பழைய கறுப்பு கிறீஸ் வெளியே வந்து புதியது தெரியும்வரை அடியுங்கள். நிப்பிள் அடைத்திருந்தால் மாற்றுங்கள், விலை ஒன்றுமில்லை. இங்கத்தைய தூசுக்கு மாதம் ஒருமுறை அடிக்கச் சொல்லுவேன், வெள்ளத்தில் இறக்கினால் அடுத்த நாளே.

கிறீஸ் அடித்தபின் சில்லை மேலும் கீழும் பிடித்து உலுக்குங்கள். ஆடினால் துணைக்கு நிற்பவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பெயரிங், நிற்காவிட்டால் ட்றனியனோ, அது ஏறியிருக்கிற கிங்பின் என்ற நிலைக்கம்பியோ. கீழ் ட்றனியனின் மரை தேய்ந்து கழன்றால் அந்த முன் சில்லு மட்கார்டுக்குள் மடிந்து கார் தரையில் உட்காரும், அது ஏ9 பெரிய றோட்டில் லொறிக்கு முன்னால் நடந்தால் என்ன என்று யோசியுங்கள். இதில் பொறுத்துப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை, அன்றைக்கே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இடது காலின் மரையும் வலது காலின் மரையும் எதிர்த் திசை, பாகம் வாங்கும்போது எந்தப் பக்கம் என்று சொல்லி வாங்குங்கள்.

சில்லு இலேசு, வளையம்தான் இறுக்கம் என்றால் டாஷ்போர்ட் பிடியை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். உடனே இலேசானால் கொலம் வளைத்து இழுத்துப் பூட்டப்பட்டிருக்கிறது. அடிக் கிளாம்பையும் தளர்த்தி, கொலத்தைத் தன்பாட்டில் படியவிட்டு, முதலில் கீழே, பிறகு மேலே இறுக்குங்கள். யாராவது அண்மையில் டாஷ்போர்ட் வேலை செய்த காரென்றால் நான் இதைத்தான் முதலில் பார்ப்பேன். அதுவும் இல்லையென்றால் கிளாம்பைக் கழற்றித் தண்டையும் றாக்கையும் பிரித்துத் திருப்பிப் பாருங்கள். றாக் ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் அது வளைந்திருக்கிறது, எப்போதோ மதகுக் கட்டிலோ பள்ளத்திலோ அடி வாங்கியிருக்கும். வளைந்த றாக்கை நிமிர்த்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி: வேகத்தில் வளையம் நடுங்குகிறது

மாரி காலத்தில் வயல் பாதையில் போய் வந்த காரென்றால் சில்லின் உள்பக்கத்தைப் பாருங்கள், காய்ந்த சேறு ஒரு பக்கம் கட்டியாக ஒட்டியிருக்கும். கழுவிவிட்டு ஓட்டுங்கள். பிறகு சில்லு நட்டுகள், ரயரில் வீக்கம், சில்லு பலன்ஸ் என்று போங்கள். கடைசியில்தான் மூட்டுகள். கொலத்தால் இந்த நடுக்கம் வருவதில்லை, ஆடுகிற ஃபெல்ட் இருந்தால் நடுக்கம் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அறிகுறி: திருப்பும்போது ஹோர்ன் தானாக அடிக்கிறது, அல்லது அடிக்கவே இல்லை

தானாக அடித்தால் வயரின் உறை தேய்ந்து உலோகத்தில் முட்டுகிறது, அல்லது பொத்தானின் கீழுள்ள சுருள் உடைந்திருக்கிறது. பற்றரியைக் கழற்றி, பொத்தானை எடுத்து, வயரைப் பாருங்கள். ரேப் சுற்றுவது வேண்டாம், அந்த நெருக்கத்தில் ரேப் மறுபடி கிழியும், துண்டு வயரையே மாற்றுங்கள். அடிக்கவே இல்லையென்றால் முதலில் ஹோர்னுக்குப் பற்றரியிலிருந்து நேரே வயர் கொடுத்துப் பாருங்கள், ஹோர்னே செத்திருக்கலாம்.

ஒஸ்ரினில் நடுப் பொத்தானும் சிக்னல் கையும் வளையத்தோடு சேர்ந்து சுற்றத் தொடங்கினால், தண்டுக்குள்ளால் போகிற மெல்லிய குழாயைப் பெட்டியின் அடியில் பிடிக்கிற நட் தளர்ந்திருக்கிறது. அங்கிருந்து எண்ணெயும் வடியும். நட்டை அளவாக இறுக்குங்கள், வடிவது நிற்காவிட்டால் உள்ளிருக்கும் செப்பு வளையத்தை மாற்றி, எண்ணெய் மட்டத்தை நிரப்புங்கள். கூட இறுக்கினால் குழாய் நசிந்து வயர் அறும்.

அறிகுறி: மழைக்குப் பிறகு காலடியில் தண்ணீர்

கொலம் தளத்தைத் துளைத்து இறங்குகிற இடத்திலுள்ள சீல் காய்ந்துவிட்டது. தடித்த றப்பரில் வட்டம் வெட்டி வைக்கலாம், தண்டில் உரசாமல் குழாயில் மட்டும் பிடிக்க வேண்டும்.

வேலை முடிந்தபின்

கழற்றிய ஒவ்வொரு போல்டுக்கும் புது ஸ்பிரிங் வொஷர், நட் கழறாமல் குத்திய ஊசி (கொட்டர் பின்) இருந்த இடத்தில் புது ஊசி. பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள். முதலில் வளவுக்குள் இரண்டு பக்கமும் முழு வளைவு எடுத்து எங்காவது பிடிக்கிறதா, ரயர் உரசுகிறதா என்று பாருங்கள், பிறகு ஆளில்லாத ஒழுங்கையில் மெதுவாக, பிறகுதான் பெரிய றோட்டு. ஐம்பது மைல் ஓடியபின் பொனட்டைத் திறந்து அடிக் கிளாம்ப் போல்டையும் றாக் பிடிகளையும் வளைய நட்டையும் மறுபடி ஸ்பானர் வைத்துப் பாருங்கள், கிறவலில் ஓடுகிற காரென்றால் அதற்குப் பிறகும் கிறீஸ் அடிக்கிற ஒவ்வொரு முறையும்.